உபதேசியார் எழுந்து நின்றார்

பெரியார் பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சுவரில் தன் முகம் ஒட்டியிருப்பதைத் திங்கட்கிழமை காலை உபதேசியார் ஆசீர்வாதம் பார்த்தார். வாயைத் திறந்துகொண்டு, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்றார் போஸ்டரில். கீழே சிவப்பு எழுத்து: ‘ஆறு வருடம் முடங்கிக் கிடந்தவர் எழுந்து நடந்தார்!’

அவர் ஆயுளில் ஒரு நாள்கூட முடங்கிக் கிடந்தவர் அல்ல.

நடந்தது இதுதான். வாடிப்பட்டி சாலையில் ஒரு புதுப் போதகர் பந்தல் போட்டிருந்தார். விசுவாசம் இருந்தால் வியாதி வராது, வியாதி வந்தால் விசுவாசம் இல்லை என்பது அவருடைய போதனை. மாதா கோயில் பங்கு மக்களில் பாதிப் பேர் அங்கே போகத் தொடங்கியதும் பங்குச்சாமியார் ஆசீர்வாதத்தைக் கூப்பிட்டார்.

“முப்பது வருஷமா ஞானோபதேசம் சொல்லிக்குடுக்கிறீங்க. ஒரு நோட்டைக் கொண்டுபோயி, அங்க என்னென்ன தப்பாச் சொல்றாங்கன்னு எழுதிட்டு வாங்க.”

போனார். பஸ்ஸில் நின்றே வந்ததில் முழங்கால் லேசாக வலித்தது. பந்தல் வாசலில் அவர் காலைத் தடவுவதை ஒரு தொண்டர் பெண் பார்த்துவிட்டாள்.

“எம்புட்டு வருஷமாய்யா இந்தக் கஷ்டம்?”

“ஆறு வருஷமாச்சும்மா.”

அவர் சொன்னது முழங்காலைப் பற்றி அல்ல. ஒரே மகள் எஸ்தர் உசிலம்பட்டிக்காரன் முத்திருளனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய் ஆறு வருஷம். ‘கோயில் பீடத்துக்கு முன்னால தாலி கட்டிக்காதவ என் மகளே இல்ல’ என்று சொன்னவர் அவர்தான். சொன்ன நாளிலிருந்து, கஷ்டம் என்று யார் பேச்செடுத்தாலும் அவருக்கு அது ஒன்றுதான் ஞாபகம் வரும்.

அந்தப் பெண் அவரை ஒரு சக்கர நாற்காலியில் உட்காரவைத்தாள். நாற்காலி கிடைத்ததே என்று அவரும் நோட்டைப் பிரித்து எழுத ஆரம்பித்தார். எழுதுகிற மும்முரத்தில், யாரோ தன்னை மேடைக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

“வியாதிக்காரன் எல்லாம் அவிசுவாசி!” என்று போதகர் முழங்கியபோது உபதேசியாருக்குப் பொறுக்கவில்லை. “அப்படி வேதத்துல எங்கேயுமே இல்ல!” என்று கையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

எழுந்ததுதான் தப்பு. பந்தல் முழுவதும் “அல்லேலூயா!” என்று அலறியது. அவர் சொன்ன மறுப்பு யார் காதிலும் விழவில்லை.

இப்போது சுவரில் இருந்த போஸ்டரை நகத்தால் சுரண்டினார். பசை வாளியோடு வந்த ஆள் ஓடிவந்து தடுத்தான்.

“அண்ணே, கிழிக்காதீங்க! வீட்டுல ஒட்ட வேணும்னா என்கிட்டக் கேக்கலாம்ல? சாட்சி சொன்ன ஆளுக்கு இல்லாததா?” மூன்று போஸ்டர்களைச் சுருட்டி அவர் கக்கத்தில் சொருகினான்.

வீட்டில் மனைவி பிலோமினாள் ஒன்றை விரித்துப் பார்த்தாள். “படம் நல்லாத்தான் விழுந்திருக்கு. கல்யாணப் படத்துலகூட இம்புட்டு நல்லா இல்ல நீங்க.”

அவர் போஸ்டரிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டார். “ஆசீர்வாதம் பேசுறேன். நான் நல்லா நடக்கிறேன். எனக்கு ஒரு வியாதியும் கிடையாது. நீங்க ஒட்டியிருக்கிறது பச்சைப் பொய்!”

சாயங்காலத்துக்குள் அந்தக் குரல், அவர் நம்பரோடு, பங்கு வாட்ஸப் குழுவுக்கு வந்துவிட்டது. கடைசி வாக்கியம் மட்டும் இல்லை.

அதற்கப்புறம் போன் ஓயவில்லை. தெரியாத எண்ணாக இருந்தால் அவர் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். எஸ்தராக இருக்குமோ என்று ஆறு வருஷப் பழக்கம். எடுத்தால், “அய்யா, திருவாதவூர்ல இருந்து பேசுறேன். எங்க மாடு காலை ஊண மாட்டேங்குது. ஒரு ஜெபம்…” என்றது ஒரு குரல்.

“நான் அவனில்லப்பா” என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். அவசரத்தில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கணுக்கால் பிசகியது. நொண்டிக்கொண்டே பீடத்துப் படியேறினார்.

“நான் முடங்கினதும் இல்ல, எனக்கு அற்புதம் நடந்ததும் இல்ல. விசுவாசத்தை நிறுத்துப் பாத்துக் கடவுள் சுகம் குடுக்கிறதில்ல. அவர் கிருபை இனாம். வியாதிக்காரனும் அவருக்குப் பிள்ளைதான்.”

முன்வரிசை அம்மாள் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது மைக்கைவிடத் தெளிவாகக் கேட்டது. “பாவம், விசுவாசம் கொறஞ்சிருச்சு. பழையபடி முடங்கிட்டாரு.”

அன்று மத்தியானம் இன்னும் இரண்டு குடும்பங்கள் வாடிப்பட்டிக்குக் கிளம்பின.

உபதேசியார் வீட்டில் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்த பிலோமினாள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள். நிமிர்ந்து பார்த்தார். வாசலில் எஸ்தர். அவளுக்குப் பின்னால், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் முத்திருளன்.

எஸ்தர் நேராக வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். காதோரம் ஒரு நரைமுடி. எப்போது வந்தது?

“போஸ்டர்ல பாத்தேன்ப்பா. ஆறு வருஷமா முடங்கியா கிடந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக்கூடாதா?” அழுதாள்.

அவர் வாயைத் திறந்தார். பிலோமினாள் மகளுக்குப் பின்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள்: ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். மகள் நாளைக்கும் வருவாள். எண்ணெய் தடவிவிடுவாள். ஆறு வருஷம் அவர் கேட்டதெல்லாம் இந்த ஒரு பொய்க்குள் இருந்தது.

உபதேசியார் எழுந்து நின்றார்.

“இல்லம்மா. அந்தப் போஸ்டர் பொய். இது காலையில பிசகினது. ஆறு வருஷமும் நான் நல்லாத்தான் நடந்தேன். உன் வீடு வரைக்கும் நடந்து வந்திருக்கலாம். நான்தான் வரல. எனக்காகப் பரிதாபப்பட்டு வந்திருந்தா, நீ போகலாம்மா.”

எஸ்தர் எண்ணெய்க் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற முத்திருளன்தான் பேசினான்.

“அது தெரியும் மாமா. ஆறு வருஷமா ஞாயிறு தவறாம உங்க கோயிலுக்கு எதிர்த்த டீக்கடையில நின்னு, நீங்க நடந்து போறதைப் பாத்த பொறவுதான் இவ வீட்டுல அடுப்பே பத்தவைப்பா. போஸ்டரெல்லாம் சும்மா ஒரு சாக்கு. இன்னைக்குத்தான் மொதத் தடவையா நொண்டுனீங்க.”