உள்ளேயும் போகாத, வெளியேயும் போகாத அலை

சங்கரன்கோவில்,
12-7-1958, சனிக்கிழமை.

பெங்களூரில் ஆராய்ச்சி செய்யும் அன்பு மகன் தேவசுந்தரத்துக்கு, அப்பா பவுல்பாண்டியன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு நானும் அம்மாவும் எருமையும் சுகம். உன் கல்யாணம்தான் சுகமில்லை.

போன ஞாயிறு சர்ச்சில் குருவானவர், மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய உன் கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டாம் தடவை வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். ஒருவரும் எழவில்லை. பிறகு பெண் தேவமணி வீட்டில் சாப்பாடு. அவள் அப்பா ஞானரத்தினம் அண்ணாச்சி, பெங்களூரில் நீ அப்படி என்னதான் பார்க்கிறாய் என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். உன் கடிதத்தை எடுத்து வாசித்துத் தொலைத்தேன். கண்ணாடிக் குழாயில் வாயுவை அடைத்து மின்சாரம் விட்டால் அது பிளாஸ்மாவாகி ஒளிரும், அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டே ஒரு மின்காந்த அலை ஓடும், உள்ளேயும் ஆழமாகப் போகாது, வெளியேயும் பரவாது என்று. அண்ணாச்சி சோறு பிசைந்த கையை நிறுத்தினார்.

“உள்ளயும் போவாது, வெளியயும் போவாதுன்னா, அது எதுக்குவே ஓடுது?”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. ரச வாளியை இழுத்து, இந்த ரசந்தான் பிளாஸ்மா, அலை மேலாக மட்டும் ஓடும், அடியில் கிடக்கிற பருப்பு அசையாது என்று சொல்லி ஓர் ஆட்டு ஆட்டினேன். அலை விளிம்போடு நிற்கல மக்கா. அண்ணாச்சியின் வெள்ளை ஜிப்பாவில் ஏறிவிட்டது, பருப்பும் கூடவே போயிற்று. நாளை மூன்றாம் ஓலை வாசிக்கும்போது எழுந்து, இப்படி ஒரு வேலை பார்க்கிறவனுக்குப் பெண் இல்லை என்று ஆட்சேபம் சொல்லப் போகிறாராம். சொன்னால் கல்யாணம் நின்றது. அம்மா ஆறு நாளாய் என்னோடு பேசவில்லை, வீட்டில் ரசமும் இல்லை. விடியுமுன் போய், நீ ஆராய்ச்சியை விட்டாயிற்று என்று அவரிடம் சொல்லப் போகிறேன். என்னைப் பொய்யனாக்காதே. ஏலே, அந்தக் குழாயை அணைச்சுட்டு வந்து இங்கன பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரா இரு. கணக்கும் பிள்ளைகளுக்கு உள்ளே போகாதுதான், ஆனால் அதை யாரும் ஆட்சேபிப்பதில்லை.

ஆண்டவர் உன்னை எல்லா விளிம்புகளிலிருந்தும் விலக்கிக் காப்பாராக.

அப்பா,
பவுல்பாண்டியன்.

பின்குறிப்பு: ஞாயிறு மத்தியானம். மேலே எழுதியதை மறந்துவிடு. விடியுமுன் போனேன். கொடியில் அவருடைய ஏழு ஜிப்பாவும் சொட்டிக்கொண்டிருந்தன, அண்ணாச்சி துண்டோடு நின்றார். ராத்திரியே எல்லாவற்றையும் தேவமணி ஊறவைத்துவிட்டாளாம், என் பொய்க்கு வேலையில்லாமல் போயிற்று. அவர் சர்ச்சுக்கு வரவில்லை, ஓலை வாசித்தாயிற்று. சர்ச் வாசலில் தேவமணி என்னிடம், “மாமா, வாளிய அவ்வளவு ஆட்டப்பிடாது. நான் மெதுவா தட்டிப் பாத்தேன், பருப்பு அசையல” என்றாள். குழாயை அணைத்துவிடாதே. அலை எவ்வளவு ஆழம் போகும் என்று கேட்டு நாலு பக்கம் எழுதித் தந்திருக்கிறாள், இத்துடன் வைத்திருக்கிறேன். பதிலை அவளுக்கே எழுது. அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள், இன்றைக்கு ரசம்.