உதவி திறக்காத கம்ப்யூட்டரும் சும்மாவா பாயும்

கூத்தாநல்லூரில் நான் குடியிருந்த தெருவில், பாய் வருகிறார் என்று தெரிந்தால் மின்கம்பம்கூடச் சும்மா நிற்க யோசிக்கும். யாரைப் பார்த்தாலும் அவருடைய முதல் கேள்வி, "என்ன, சும்மாவா உட்காந்திருக்கீங்க?" என்பதுதான். அதனால் தெரு அவருக்குச் சும்மாவா பாய் என்று பேர் வைத்துவிட்டது.

வேலை மாற்றலில் அந்த ஊருக்குப் போன எனக்கு அவர் வீட்டு மாடிதான் வாடகைக்குக் கிடைத்தது. துபாயில் கடை நடத்திவிட்டு ஓய்வெடுக்க ஊர் திரும்பியவர். ஆனால் அவரைக் கண்டதும் ஓய்வு ஓடிவிட்டது. வாய்க்காலைத் தூர் வாரினால் கரையில் நின்றுகொண்டு, ஆட்களுக்கு மண்வெட்டி பிடிக்கச் சொல்லிக்கொடுப்பார். பக்கத்து வீட்டு மோட்டார் வெட்டியாக ஓடுகிறதென்று ஒருமுறை அணைத்துவிட்டார். அந்த வீட்டுக்காரர் இடுப்பில் துண்டும் முகத்தில் சோப்பு நுரையுமாக வந்து நியாயம் கேட்டார்.

"கரண்டு மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கேன். மொதல்ல கண்ணத் தொடச்சுக்கிட்டுப் பேசுங்க" என்றார் பாய்.

இவரிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் மாட்டிக்கொண்டது. மகள் கல்யாணமாகிக் கத்தாருக்குப் போனபோது விட்டுச் சென்றது. பாயின் மனைவி பாயம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்தும் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. போனில் மகள் முகம் நிழல்போலத்தான் தெரியும். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா தொழுகை முடிந்ததும், கம்ப்யூட்டரின் பெரிய திரையில் மகளைப் பார்த்துப் பேசுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை முகம் வந்தது, குரல் வரவில்லை. மகள் அங்கே வாயசைக்க, இங்கே பாயம்மா அழத் தொடங்கிவிட்டார். பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது, தன்னிடம் மறைக்கிறார்கள் என்று அவருக்குப் பயம்.

"முகத்த இதுல பாத்துக்கிட்டு, போன்ல பேசச் சொல்லலாமே பாய்" என்றேன்.

"ஆளு ஒரு எடம், கொரலு ஒரு எடமா? என்ன சார் பேசுறீங்க?"

அவரே சரிசெய்ய உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது தவறு, நின்றுகொண்டேதான் செய்தார். உதவிக்கான பொத்தானை அழுத்தினார். உதவி இப்போது கிடைக்காது என்று ஒரு பெட்டி வந்தது. கோளாறைக் கண்டுபிடிக்கும் கருவியைத் திறந்தார். அதுவும் தன்னால் இயங்க முடியவில்லை என்று கைவிரித்தது.

பாய்க்குக் குரல் போனதுகூடப் பெரிதில்லை, இந்தப் பதில்தான் பொறுக்கவில்லை. "உதவின்னு பேர வச்சுக்கிட்டு உதவி கெடைக்காதுன்னா என்னங்க அர்த்தம்? இதச் சரி பண்ணிட்டுத்தான் சவுண்டப் பாக்கணும்."

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். "உதவியெல்லாம் இப்ப யாரு பாய் பாக்குறா? எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்திருவோம்" என்றார் கடைக்காரர்.

"கால்ல முள்ளு குத்துனா ஆளையே மாத்திருவீங்களா?" என்று கேட்டுவிட்டு, பாய் பெட்டியைத் திருப்பித் தூக்கிக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க மாடிப்படி ஓயவில்லை. தூசிதான் காரணம் என்று சொல்ல ஏறி வருவார். தூசியில்லை, சூடு என்று சொல்ல மறுபடி வருவார். சைக்கிள் பம்பால் பெட்டிக்குள் காற்றடித்துப் பார்த்தார். உதவி வரவில்லை, ஒரு பல்லி வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, பாயம்மா முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நானே போய் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும் சேவைகளுக்கென்று ஒரு பட்டியல் உண்டு. அதைத் திறந்தேன். உதவிச் சேவை நிறுத்தப்பட்டிருந்தது. கூடவே ஒலிச் சேவையும்.

"யாரு பாய் இத நிறுத்துனது?"

பாய் சன்னல் வழியே தெருவைப் பார்த்தார். "மெஷின் மெதுவா ஓடுச்சு. உள்ள போயிப் பாத்தேன். பாதிப் பேரு வேல வெட்டி இல்லாம உட்காந்திருந்தானுவ. நிறுத்திட்டேன்."

உதவியை ஓடவிட்டேன். ஒலியை நோக்கிக் கை போனதும் தடுத்துவிட்டார். "அதத் தொடாதீங்க சார். உதவி வந்துருச்சுல்ல, அது செய்யட்டும்."

பச்சைக் கோடு திரையில் ஊர்ந்தது. பாய் கூடத்தில் அதற்கு இணையாக நடந்தார். கடைசியில், ஒலிச் சேவை நின்றிருந்தது, சரிசெய்யப்பட்டது என்று எழுத்து வந்தது. பாய் தானே எழுதியதுபோல் அதை இரண்டுமுறை சத்தமாகப் படித்தார்.

மதியம் மகள் வந்தாள். "அம்மா, கேக்குதா?"

பாயம்மா திரையில் அவள் கன்னத்தைத் தொட்டார். அப்புறம்தான், "சாப்பிட்டியாம்மா?" என்றார்.

"அத்தா எங்கம்மா?"

"பின்னாலதான், சும்மா உட்காந்திருக்காக."

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். கட்டிலில் கையைக் கட்டிக்கொண்டு, பேச்சு முடியும்வரை அசையாமல் இருந்தார்.

அதன்பிறகு கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் வரவில்லை. பாய்க்கு முகமே வாடிவிட்டது. வாய்க்கால் பக்கம்கூடப் போவதில்லை. சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், தயங்கித் தயங்கிப் படியேறி வந்து என் வாசலில் நின்றார்.

"உங்க லேப்டாப்புல உதவி திறக்குதா சார்?"

நன்றாகவே திறந்துகொண்டிருந்தது.

"எங்க பாய், ஒரே மக்கர் பண்ணுது. உள்ள வந்து கொஞ்சம் பாருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.