கீரைப் பாத்தியில் சுறாப்பல்

கோலா தெர்லா

அன்புள்ள தம்பி விமலனுக்கு அக்கா வடிவம்மாள் எழுதுவது. இங்கே நானும் தோட்டத்து முட்டைக்கோசும் நலம். மெல்பர்னில் நீயும் துளசியும் நலமாயிருக்க முருகன் துணை. உன் மாமாவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. போனில் பேசினால் அவர் காதில் விழும், அதனால் கடிதம்.

ஊரில் எல்லாரும் பொழுதுபோக்குக்கு டிவி பார்க்கிறார்கள். நீ அந்த ஊர்க் கடற்கரையில் கல்லாகிப்போன சுறாப்பல் பொறுக்குகிறாய், சரி, பொறுக்கு. அதில் ஒன்றை மாமாவுக்கு ஏன் அனுப்பினாய்? கண் சரியில்லை என்று லோரி ஓட்டுவதை நிறுத்திய நாளிலிருந்து வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த மனுஷன், அதைப் பார்த்ததும் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார். மலைமேல் சுறா ஏது என்று கேட்டால், "முன்ன இதுவும் கடலாத்தான் இருந்திருக்கும்லா" என்கிறார். தக்காளிப் பாத்தி போச்சு, என் மாவுச் சல்லடையும் கிழிஞ்சு போச்சு. கிடைத்தது ஒரு ஆட்டுப்பல், ஒரு சீப்பின் பல், அப்புறம் தேயிலைத் தோட்டத்துப் பழைய கங்காணியின் பொய்ப்பல் செட்டில் பாதி. அதையும் கழுவி அலமாரியில் வைத்திருக்கிறார். சாப்பாட்டுக்கடை பஷீர் வேறு, கடையில் மிஞ்சும் எலும்பையெல்லாம் இது என்ன மிருகம் என்று கேட்டுக் கொண்டுவந்து கொட்டுகிறார்.

சுறாப்பல் மட்டும் அகப்படவில்லை. மறுபடி அவர் முகம் வாட ஆரம்பித்தது. எனக்கு மனசு கேட்கவில்லை, தம்பி. அவர் சாமி மாடத்தில் டப்பாவில் வைத்திருந்த, நீ அனுப்பிய பல்லையே எடுத்துக் கீரைப் பாத்தியில் புதைத்தேன். மறுநாள் தோண்டி எடுத்தவர் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து நாய்கள் ஓடிவந்தன. ஒன்று கிடைத்தால் ஓய்ந்துவிடுவார்னு நெனச்சேன், இப்ப மிளகாய்ப் பாத்தியிலயும் கை வச்சிட்டாரு. தைப்பூசத்துக்குப் பிள்ளைகள் வந்ததும் இரண்டு பல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டப் போகிறாராம். அதுவரை சாமி மாடத்திலிருந்து டப்பாவை எடுக்க மாட்டாராம். டப்பாவோ காலி. தெரிந்தால் மனுஷன் பழையபடி ஊமையாகிவிடுவார், எனக்கு அதுதான் பயம். அதற்குள் அதே மாதிரி ஒன்றை பஷீர் கடை முகவரிக்கு அனுப்பிவிடு. இனி இந்த வீட்டுக்குப் பல் என்று எதையும் அனுப்பாதே.

உன் குடும்பம் பல்வலி இல்லாமல் பல்லாண்டு வாழ வாழ்த்தும்,
அக்கா

பி.கு.: மாப்பிள்ளை, உன் மாமா காளிமுத்து எழுதுகிறேன். இதைத் தபாலில் போடச் சொல்லி உன் அக்கா பஷீரிடம் கொடுத்தாள். நான் தானா ராத்தா டவுனுக்குப் போகிறேன் என்றதும் அவர் என்னிடமே கொடுத்துவிட்டார். பிரித்தது தப்புதான். அவள் பாத்தியில் குந்திப் புதைத்ததை அன்றைக்கே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கண் அவ்வளவு மோசமில்லை. நான் கத்தின கத்தலுக்கு அவள் சிரித்தாள் பார், அந்தச் சிரிப்பைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. அவள் கேட்டபடி ஒன்று அனுப்பிவிடு. இன்னொன்றை என் பெயர் போட்டுத் தனியாக அனுப்பு. மிளகாய்ப் பாத்தியில் புதைக்க வேண்டும். அங்கே களை எடுப்பது அவள்தான்.