சோப்பு டப்பாவில் ஒரு பஸ்

சோப்பு டப்பாவில் சோப்பைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. இந்தக் குறையை அதிகாரிகள் உணர்வதற்குள் சங்கராபுரம் நான்சி தன் சோப்பு டப்பாவில் ஒரு வீடியோ கேமைச் செய்து வைத்துவிட்டாள்.

நான்சிக்கு இருபத்துமூன்று வயது. இயற்பியல் பட்டம் இருந்தது, வேலை இல்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் தொழிற்பயிற்சிக் கூடத்தில் எலக்ட்ரானிக்ஸ் பயிற்றுநர் வேலைக்குத் திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு. ‘வருபவர் தம் கையால் செய்த கருவி ஒன்றைக் கொண்டுவர வேண்டும்’ என்று கடிதம் சொன்னது. அதுவரை அவள் தன் கையால் செய்தது புளிக்குழம்பு மட்டும்தான்.

சாமான்களை மூன்று மூன்றாக வாங்கச் சொன்னார் கடைக்காரர். அவருக்கு அனுபவம் உண்டு. முதல் நாள் பற்றவைத்த ஈயம் ஒட்டாமல் கடுகு கடுகாக உருண்டு ஓடியது. இரண்டாம் நாள் ஐ.சி. சில்லைத் திருப்பி வைத்ததில் அது புகைந்தது. மூன்றாம் நாள் எரிந்தது. இந்த முறை விளக்குதான்.

அது இயங்கும் விதம் எளிது. எட்டுக் கால் ஐ.சி. கடிகாரம்போலத் துடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் பதினாறு கால் ஐ.சி. ஒரு விளக்கை அணைத்து அடுத்ததை ஏற்றும். வரிசையாகப் பத்து விளக்குகள். ஏழாவது மட்டும் சிவப்பு, மற்றவை பச்சை. ஓடும் வெளிச்சம் கல்வராயன் மலை ஏறும் பஸ். சிவப்பு, சாலையில் சாய்ந்து கிடக்கும் மரம். வெளிச்சம் சிவப்புக்கு வந்ததும் பொத்தானை அழுத்தினால் பஸ் நின்று ‘பீப்’ என்று சத்தம் வரும். தாமதித்தால் மறுபடியும் முதலிலிருந்து. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் பக்கத்தில் ஒரு திருகு.

மரத்தை அவள் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம். ஜன்னலைத் திறந்தால் போராட்டக்காரர்கள் வெட்டிப் போட்ட மரம் ரோட்டில் கிடந்தது.

வெள்ளிக்கிழமை சான்றிதழ் நகல்களைக் கொடுக்கக் கள்ளக்குறிச்சிக்குப் புறப்பட்டவள், டப்பாவையும் கூடவே எடுத்துப் போனாள். முதல்முதலாக ஒன்றைச் செய்தவர்களுக்கு அதை வீட்டில் விட்டுவிட்டுப் போக மனம் வராது. வழியில் பஸ்ஸைச் சோதனை போட்ட காவலர் டப்பாவைத் திறந்தார், பொத்தானை அழுத்தினார். ‘பீப்’ என்றது. நான்கு அடி பின்னால் போய் நின்று, அதைச் ‘சாலை அமைதித் தனிப் பிரிவு’க்கு அனுப்பினார். கூடவே நான்சியையும்.

தனிப் பிரிவு மூன்று மாதத்துக்கென்று திறந்த அலுவலகம். காசிநாதன் அதிகாரி, பூமாலை எழுத்தர். அங்கே பிடித்துக்கொண்டு வரப்பட்டவருக்கும் நிரப்புவது மனுப் படிவம்தான்.

“இன்னாம்மா இது?” என்றார் காசிநாதன்.

“வீடியோ கேமுங்க சார். கையில வெச்சிக்கினு ஆடறது.”

“வீடியோ எங்க?”

“இந்தப் பத்து லைட்டுதாங்க. ஓடுது பாருங்க, அது பஸ்ஸு.”

“எந்த ரூட்டு?”

“கல்வராயன் மலைக்குங்க.”

“செவப்பா இருக்குதே?”

“ரோட்டுல சாஞ்ச மரம் சார்.”

“யார் போட்டது?”

“நாந்தாங்க போட்டேன்.”

பூமாலை எழுதினார்: ‘சாலையின் குறுக்கே மரம் போட்டதை மனுதாரர் தாமாகவே ஒப்புக்கொள்கிறார்.’

“ஐயோ சார், அது லைட்டுங்க.”

“மரம்னு நீதானம்மா சொன்ன. எந்தக் கட்சி மரம்?”

“லைட்டுக்கு ஏதுங்க கட்சி?”

“கட்சி சார்பற்ற மரம்னு போட்டுக்கோ பூமாலை.”

படிவத்தில் அடுத்ததாக ‘வகுப்பு’ என்றொரு கட்டம் இருந்தது. ஊரே அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் ரோட்டில் நின்றது. மரத்துக்கு அதில் என்ன எழுதுவது என்று இரண்டு பேரும் வெகுநேரம் யோசித்து, ‘பின்னர் தெரிவிக்கப்படும்’ என்று எழுதினார்கள்.

“திங்கக்கெழம எனக்கு இன்டர்வியூ சார். இது இல்லன்னா வேல கெடைக்காதுங்க.”

“ஆடிப் பாக்காம அறிக்கை எழுத முடியாதும்மா.”

காசிநாதன் பதினொரு மணிக்கு ஆட ஆரம்பித்தார். சாப்பாட்டு நேரம்வரை பஸ் மரத்தைத் தாண்டித் தாண்டியே போனது.

“மரம் நகருது,” என்றார்.

“நான் பாக்கட்டுங்களா?” என்று வாங்கிய பூமாலை, முதல் அழுத்திலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார். காசிநாதன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பூமாலைக்கு அரசாங்க வேலையில் இருபது வருஷ அனுபவம். அடுத்த ஆறு முறையும் பஸ்ஸைத் தவறாமல் மரத்தைத் தாண்ட விட்டார்.

நான்சி மெல்லக் கையை நீட்டித் திருகைக் கடைசிவரை குறைத்தாள். பஸ் நடந்து போகிறவரைவிட மெதுவாக மலை ஏறியது. காசிநாதன் அழுத்தினார். ‘பீப்.’

அறிக்கை தயாரானது: ‘தடையை உரிய காலத்தில் உணர்ந்து வாகனத்தை நிறுத்தும் நற்பழக்கத்தை இக்கருவி வளர்க்கிறது. ஆய்வு செய்யப்பட்டது. ஆட்சேபணை இல்லை.’ டப்பாவின் மூடியில் முத்திரையும் விழுந்தது.

“அப்ப எடுத்துக்கினு போலாங்களா?”

“ஃபைலுக்குள்ள போவாத பொருள ஃபைல்லேர்ந்து எப்படிம்மா வெளிய வுட முடியும்?”

நான்சிக்குப் புரிவதற்குள் பூமாலை டப்பாவின் நடுவில் குத்தூசியை வைத்து, பேப்பர் வெயிட்டால் ஓங்கி ஓர் அடி அடித்தார். குத்தூசி மூடியைத் துளைத்து, பதினாறு கால் ஐ.சி.யைப் பிளந்து, அடிப்பக்கம் வந்தது. துளை வழியே கயிற்றைக் கோத்து, தாள்களோடு சேர்த்துக் கட்டி, ஒரு கையெழுத்து வாங்கினார். பிறகு கட்டை அவிழ்த்து, இன்னொரு கையெழுத்து வாங்கி, டப்பாவையும் அறிக்கை நகலையும் அவளிடம் மரியாதையாகக் கொடுத்தார்.

“எரியலியே சார்.”

“எரியறதப் பத்தி மனுவுல இல்லியே,” என்றார் காசிநாதன்.

மூன்றாவது செட் சாமான் மிச்சம் இருந்தது. சனியும் ஞாயிறும் உட்கார்ந்து நான்சி இன்னொன்று செய்தாள். திங்கட்கிழமை தாளாளர் சிங்கராயர் முன்னால் இரண்டையும் வைத்தாள். புதியதில் பஸ் ஜோராக ஓடியது.

“இத யாரும்மா டெஸ்ட் பண்ணது?” என்றார் சிங்கராயர்.

“நாந்தாங்க ஐயா.”

“நீ செஞ்சத நீயே டெஸ்ட் பண்ணா எப்படி? அது இன்னா, சீல் போட்டிருக்குது?” அறிக்கையை வாங்கி இரண்டு முறை படித்தார்.

“அது எரியாதுங்க ஐயா. நடுவுல துள போட்டுட்டாங்க.”

“எரியறது வேற விஷயம்மா. கவர்மெண்டே ஆட்சேபணை இல்லன்னுது. ஆட்சேபிக்க நான் யாரு?”

வேலை கிடைத்தது. துளையுள்ள டப்பா பயிற்சிக் கூடத்தின் கண்ணாடி அலமாரியில் ‘மாதிரி’ என்ற சீட்டோடு ஏறியது. அந்த வருஷம் தேர்வு நடத்த வந்தவர் மாணவர்கள் செய்த இருபது கருவிகளையும் மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எதிலும் துளை இல்லை. இருபது பேரும் ஃபெயில். நான்சி ஒரு வாரம் வாதாடிப் பார்த்தாள். எட்டாவது நாள் ஒரு குத்தூசி வாங்கினாள். மறுதேர்வில் இருபது பேரும் பாஸ்.

அடுத்த வருஷம் சுபஸ்ரீ என்ற மாணவி, துளையை இரண்டு விரற்கடை தள்ளிப் போட்டாள். ஐ.சி. தப்பித்தது. துளையும் இருந்தது, பஸ்ஸும் ஓடியது. வகுப்பே அவளைச் சுற்றி நின்று மாற்றி மாற்றி ஆடியது.

நான்சி அதை வாங்கி, தானும் ஒரு முறை ஆடினாள். முதல் அழுத்திலேயே பஸ் நின்றது. பிறகு அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்து, துளை நடுவில் இல்லை என்று பத்து மதிப்பெண் குறைத்தாள்.