பின்வாசலுக்குப் படி கிடையாது

"தலையே போனாலும் அந்த வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன். அந்த வீட்டுத் தண்ணி ஒரு சொட்டு என் தொண்டையில இறங்காது. லாட்ஜுல தங்குவேன். இல்லன்னா தெருவுல தங்குவேன். அதுவும் இல்லன்னா, தங்கவே மாட்டேன்!"

இப்படி ஒரு சபதத்தோடுதான் குழாய்க்காரர் முதல்முறையாகப் பெருநகரத்துக்குப் புறப்பட்டார். சபதத்தைக் கேட்டது இரண்டே பேர். ஒன்று அவர் மனைவி. இன்னொன்று சுவரில் இருந்த பல்லி. பல்லியாவது 'உச்' கொட்டியது.

குழாய்க்காரருக்கு ஊரில் 'வெந்நீர்' என்று பெயர். தொழிலைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, குணத்தைப் பார்த்து வைத்த பெயர். அடுப்பே இல்லாமல் கொதிப்பார். மழை பெய்தால் 'ஏன் பெய்யுது?' என்பார். நின்றால் 'எவன் நிறுத்தினான்?' என்பார். ஆனால் வேலையில் அவரைக் குறை சொல்ல ஆள் இல்லை. எந்த வீட்டில் குழாய் போட்டாலும் கடைசியில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். குழாயைத் திறந்து, அழுக்கெல்லாம் ஓடியபின், முதல் கை தண்ணீரைத் தானே குடிப்பார். அவர் குடித்தால்தான் வேலை முடிந்தது. குடிக்காமல் கிளம்பினால் கூலி கேட்க மாட்டார், தூங்கவும் மாட்டார்.

அப்படிப்பட்டவரின் சொந்த மச்சான், மனைவியின் கூடப் பிறந்த அண்ணன், பெருநகரத்தில் வீடு கட்டினார். கல், மண், கதவு, ஜன்னல் எல்லாம் சரி. குழாய் வேலையை மட்டும் வேறு ஒருவனிடம் கொடுத்துவிட்டார்!

"வீட்டுலயே குழாய்க்காரன் இருக்கான், வெளியில தேடிப் போனாராம் உங்க அண்ணன். கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதை!"

அன்றைக்கு ஏறிய கொதிப்பு இறங்கவே இல்லை. புதுவீட்டுக்கு அவரும் போகவில்லை, மனைவியையும் விடவில்லை. அவள் அந்த வீட்டைப் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருந்தாள். அண்ணனின் குழந்தை நடக்கப் பழகியதும் போட்டோவில்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் விரலால் தடவுவாள். "நீர் அடிச்சு நீர் விலகுமாங்க?" என்று ஒரே ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"விலகாது. ஆனா ஒழுகும்! கண்டவன் கையில குடுத்தா ஒழுகத்தான் செய்யும்!"

இப்போது பெருநகரத்தில் குழாய்ச் சாமான்களுக்கு ஒரு கண்காட்சி. வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்காரர் அழைப்பு வாங்கிக் கொடுத்துவிட்டார். போகாமலும் இருக்க முடியாது. போனால் எங்கே தங்குவது? அதற்குத்தான் அந்தச் சபதம்.

மனைவி சொன்னது ஒரே சொல். "சரிங்க."

இந்தச் 'சரிங்க' இருக்கிறதே, அங்கேதான் ஆபத்து. எதிர்த்துப் பேசுகிறவளை எப்படியும் சமாளித்துவிடலாம். சரி சொல்கிறவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்றே தெரியாது. வெந்நீருக்கு இது தெரியவில்லை. கோபத்தில் இருந்தார்.

"ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட மாட்டேன். கண்காட்சிக்கு விருந்தாளியா போறேன், வேலைக்காரனா இல்ல."

"சரிங்க."

"கூட வர்ற உனக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பை?"

"துணிமணிங்க."

ரயிலில் அந்தப் பையைத் தூக்கி மேலே வைத்தபோது அவருக்குத் தோள்பட்டை இறங்கிப்போயிற்று. "துணியா இது? இரும்புல நெய்ததா?"

"கனமான துணிங்க."

காலையில் பெருநகரத்தில் இறங்கினார்கள். கண்காட்சி மறுநாள்தான். முதல் லாட்ஜ் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே இருந்தது. மேனேஜர் அறையைத் திறந்து காட்டினார்.

"ஜன்னல் பெருசா இருக்குங்க. காத்து வரும்" என்றாள் மனைவி.

வெந்நீர் ஜன்னலைப் பார்க்கவில்லை, கட்டிலையும் பார்க்கவில்லை. நேராகக் குளியலறைக்குப் போனார். நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி குழாய்மேல் விரல் வைத்தார். டொக். இன்னொரு டொக்.

"என்னய்யா இது?"

"சொட்டுதான் சார். ராத்திரி கதவைச் சாத்திட்டா காதுல விழாது."

"காதுல விழாதா? பக்கத்துல ஒருத்தன் அழுதுக்கிட்டு இருக்கான், கதவைச் சாத்திட்டுத் தூங்குன்னு சொல்றியா? நீ மனுசனா?"

"சார், அது குழாய் சார்."

"அதுதான்யா சொல்றேன், குழாய்! மனுசன்னா ரெண்டு நாள்ல தானா ஓய்வான்!"

மேனேஜர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். படி இறங்கும்போது மனைவி, "எனக்குப் பிடிச்சுதாங்க இருந்துச்சு" என்று மெல்லச் சொன்னாள். "உனக்கு என்ன தெரியும்?" என்றார் வெந்நீர். அவளும் "சரிங்க" என்றாள்.

இரண்டாவது லாட்ஜில் சொட்டு இல்லை. இவர் நிம்மதியாக நீலக் குமிழ் போட்ட குழாயைத் திறந்து காலை நீட்டினார். அடுத்த நொடி ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்று கத்தினார். நீலத்தில் சுடுதண்ணீர், சிவப்பில் பச்சைத்தண்ணீர். மாற்றிப் பூட்டியிருந்தார்கள்.

"இங்க வர்றவங்களுக்கெல்லாம் பழகிடுச்சு சார்" என்றான் அறைப்பையன்.

"வெந்து பழகினாங்களா, வேகாம பழகினாங்களா?"

நொண்டிக்கொண்டே வெளியே வந்தார். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. தெருக்கள் ஒன்றைப் போல ஒன்று இருந்தன. வழி கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் கை காட்டினார்கள். பை இரண்டு கைகளுக்கும் மாறி மாறிப் போயிற்று. நகரத்தையே திட்டினார். அதைக் கட்டியவனைத் திட்டினார். பிறகு, சுற்றி வளைத்து, மச்சானைத் திட்டினார். அந்த ஆள் ஒழுங்காக இருந்திருந்தால் இந்த அலைச்சல் உண்டா?

மூன்றாவது லாட்ஜில் ஓர் அதிசயம் நடந்தது. குழாய் சொட்டவில்லை. நீலம் நீலமாக இருந்தது, சிவப்பு சிவப்பாக இருந்தது. தண்ணீர் திறந்தால் வந்தது, மூடினால் நின்றது. வெந்நீர் இரண்டு முறை சோதித்தார். குறை சொல்ல ஒன்றுமில்லாததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

"இங்கேயே தங்கிடலாம்" என்றார்.

மனைவி முகம் ஒரு நொடி வாடியது. அடுத்த நொடி மலர்ந்தது.

"தங்கலாங்க. அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

செருப்பு கையிலேயே நின்றது. "யாரு சொன்னா?"

"அண்ணன்தாங்க. எப்பவோ போன்ல சொன்னாரு, இந்தப் பக்கம் நல்ல லாட்ஜ் ஒண்ணு இருக்குன்னு. இதுவாத்தான் இருக்கணும்."

"அந்த ஆளு சொன்ன இடத்துல நான் தலை சாய்க்கணுமா? எடு பையை!"

"நல்லா இருக்குன்னு நீங்கதானே…"

"எடு பையைன்னேன்!"

பொழுது சாய்ந்தது. அதற்குப் பிறகு பார்த்த இடங்களிலெல்லாம் அறை நிரம்பியிருந்தது. ஊர் உலகத்திலிருக்கிற குழாய்க்காரர்கள் அத்தனை பேரும் கண்காட்சிக்கு வந்து இறங்கியிருந்தார்கள். கடைசியில், மனைவி கைகாட்டிய ஒரு தெருமுனையில் வெந்நீர் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த வேகத்தில் துள்ளி எழுந்தார். பைக்குள்ளிருந்து ஏதோ குத்தியது.

"என்னடி இருக்கு இதுல?"

"சீப்பு குத்தியிருக்குமுங்க" என்றாள் மனைவி. பிறகு, ஒன்றும் தெரியாதவள் போல, "ஏங்க, இந்தத் தெருவுலதான் அண்ணன் வீடு போலிருக்கு. வந்தது வந்தோம், குழந்தைக்கு வாங்கின சட்டையை வாசல்லயே குடுத்துட்டு வந்துடறேன். நீங்க உள்ள வர வேண்டாம். ஸ்டேஷன்லயே படுத்துக்கலாம்" என்றாள்.

"வாசல்ல குடுத்துட்டு வரணும். அங்க நீ உட்கார்ந்தா, நான் ரயில் ஏறிடுவேன்."

"சரிங்க."

அவள் நாலாவது வீட்டுக்குள் போனாள். வெந்நீர் எதிர்ப்பக்கச் சுவரோரம், அந்த வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முதுகு பார்க்காது. ஆனால் காது என்ன செய்யும்?

டொக்.

வெந்நீர் அசையவில்லை. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது.

டொக். டொக்.

தலை மட்டும் தானாகத் திரும்பியது. வீட்டின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஈரம். ஈரத்தில் பாசி. பாசியில் குட்டிச் செடி ஒன்று வேர் விட்டு, இரண்டு இலையோடு இவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

கோபக்காரருக்குக் கிடைக்கிற சந்தோஷம் ஒன்று உண்டு. 'நான் அப்பவே சொன்னேன்' என்கிற சந்தோஷம். வெந்நீருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இரண்டே எட்டில் தெருவைத் தாண்டினார்.

"எவன்யா இந்த வேலையைச் செஞ்சது? வெளிய வாங்க எல்லாரும்!"

மச்சான் ஓடி வந்தார். "மாப்பிள்ளை! வாங்க, வாங்க, உள்ள வாங்க!"

"நான் உள்ள வரல. சுவத்தைப் பாக்கறேன். சுவரு தெருவுல இருக்கு!"

சுவர் ஓரமாகவே குழாயைப் பிடித்துக்கொண்டு போனார். குழாய் பின்பக்கம் திரும்பியது. இவரும் திரும்பினார். குழாய் துவைக்கும் இடத்துக்கு மேலே சுவருக்குள் நுழைந்தது. பக்கத்தில் பின்வாசல். வெந்நீர் குனிந்து பார்த்தார். தரையோடு தரையாக இருந்தது.

"பின்வாசலுக்குப் படி கிடையாது" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "படியைத்தான் மிதிக்க மாட்டேன்னு சொன்னேன். யாரும் தப்பா நினைக்க வேண்டாம்!"

"யாரும் நினைக்கலீங்க" என்றாள் மனைவி. அதற்குள் அவள் இடுப்பில் அண்ணன் குழந்தை ஏறியிருந்தது. வெந்நீர் கவனிக்கவில்லை. சமையலறை மூலையில் மண்டியிட்டு, குழாய் வளைகிற மூட்டைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் பேரு எல்போவா? ஒட்டாம சொருகி வெச்சிருக்கான்! மெயின் வால்வை மூடுங்க! ரம்பம் எங்க?"

மனைவி பைக்குள் கைவிட்டு ரம்பத்தைக் கொடுத்தாள்.

"எல்போ வேணும். முக்கால் இன்ச்சு. இந்த நேரத்துல எந்தக் கடை…"

மனைவி எல்போவைக் கொடுத்தாள்.

"பசை!"

பசையும் வந்தது. ஆபரேஷன் செய்கிற டாக்டர் நர்சின் கையைப் பார்ப்பாரா? வெந்நீரும் பார்க்கவில்லை. மச்சான் பக்கத்தில் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாப்பிள்ளை, அன்னிக்கு உங்களைக் கூப்பிடாதது… வீட்டு மாப்பிள்ளையைச் சேத்துல நிக்கவெச்சு வேலை வாங்கறதான்னுதான். மரியாதைக் குறைவா போயிடுமேன்னு."

"லைட்டை நேரா பிடிங்க! கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனா? அப்பவும் கோபப்பட்டுத்தான் இருப்பேன்! ஆனா கூப்பிட்டிருக்கணும்!"

"தப்புதான் மாப்பிள்ளை."

"தப்புன்னு சொல்லிட்டா? என் கோபம் எங்க போறது?" என்றவர் குரலில் சத்தம் இருந்தது, சூடு இல்லை. அது அவருக்கே தெரிந்து, அதற்கும் கோபம் வந்தது.

மூட்டு ஒட்டியாயிற்று. எழுந்து நின்று கட்டளை போட்டார். "விடியற வரைக்கும் எவனும் வால்வைத் தொடக்கூடாது. பசை இறுகணும்."

"அதுவரைக்கும் நீங்க?" என்றாள் மனைவி.

"ஒட்டின குழாயை விட்டுட்டுப் போறது, தொட்டில்ல பிள்ளையைப் போட்டுட்டு ஊருக்குப் போற மாதிரி. இங்கேயே, இதோ, இந்தத் தரையில படுப்பேன். இது தங்கறது இல்ல. காவல்!"

"சரிங்க."

காவல்காரருக்கு மெத்தை வந்தது, தலையணை வந்தது, சாப்பாடு வந்தது. மூன்றையும் திட்டிக்கொண்டே ஏற்றுக்கொண்டார்.

விடிந்தது. வால்வைத் திறந்தார். குழாய் இருமியது, செருமியது, பிறகு பளிங்கு மாதிரி தண்ணீர் கொட்டியது. மூட்டில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. வழக்கப்படி கை குழிந்தது. வாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அந்த வீட்டுத் தண்ணீர்! ஒரு சொட்டு இறங்காது என்று சொன்ன தண்ணீர்! குடித்தால் சபதம் போயிற்று. குடிக்காவிட்டால் வேலை முடியவில்லை. மச்சான், மச்சான் சம்சாரம், மனைவி, குழந்தை எல்லாரும் அந்தக் கையையே பார்த்தார்கள். விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. ஒழுகுவதைத்தான் அவரால் பொறுக்க முடியாதே!

குடித்துவிட்டார்.

குடித்த தண்ணீர் உள்ளே போய் மூளையைக் கழுவியது போலிருக்கிறது. மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏண்டி… முக்கால் இன்ச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணன் போன மாசமே அளந்து சொன்னாருங்க. ஆள் வெச்சுச் சரிபண்றேன்னாரு. நான்தான், 'அவரு வந்து பாக்கற வரைக்கும் ஒழுகட்டும் அண்ணே, கை வெச்சுடாதீங்க'ன்னு சொன்னேன்."

"அடிப்பாவி! அப்ப அந்த மூணாவது லாட்ஜ்?"

"அது அண்ணனுக்குத் தெரியவே தெரியாதுங்க."

வெந்நீர் கொதித்தார். பாத்திரம் கிடுகிடுக்கக் கத்தினார். "இனிமே ஒரு நிமிஷம் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்! கண்காட்சிக்குப் போறேன்! முன்வாசல் வழியாவே போறேன்!"

"சரிங்க, போயிட்டு வாங்க" என்றாள் மனைவி. "மாடிக் குழாயும் ஒழுகுதாம். அதை வேற யாராவது பாத்துக்கட்டும்."

வெந்நீர் வாசல்வரை போனார். நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"அது என்ன அளவு?"

மனைவி பையைத் திறந்தாள்.