போனது வெள்ளை, வந்தது செவலை

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையிடம் எந்தப் பொறுப்பையும் ஒப்படைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. என்னிடம் ஒப்படைத்தார்கள். குதிரைக்குப் படுக்கை போடும் பொறுப்பு.

குதிரை வந்ததே என் ஆசையால்தான். எல்ல என்ற சுற்றுலா ஊரில் ஒரு ஹோட்டலில் வெள்ளைக்கார மாப்பிள்ளை ஒருவர் வெள்ளைக் குதிரையில் வந்து இறங்கியதைப் பார்த்ததிலிருந்து எனக்குள் ஒரு ராஜகுமாரன் புகுந்துவிட்டான். (அப்போது நான் இருந்த இருப்புக்கு ஆட்டுக்குட்டியே போதும்.) "கார்ல வந்தா போதுங்க" என்று மணப்பெண் சுமதி கெஞ்சிப் பார்த்தாள். அவளுடைய அப்பா மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர்; தூளின் சாயமும் வாசமும் பார்த்துச் சொல்வது அவர் வேலை. "குதிரையோ, கழுதையோ, முகூர்த்தத்துக்கு வந்து சேர்ந்துருங்க மாப்ள" என்றார். சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நுவரெலியாவிலிருந்து வாடகைக் குதிரை ராணி லொறியில் வந்து இறங்கினாள். பால் வெள்ளை. கூடவே அவளைப் பராமரிக்கும் அமீர் நானா. எங்கள் லய வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த பழைய மாட்டுக் கொட்டிலில் கட்டினோம்.

"சிமெந்துத் தரை தம்பி, முட்டி தேஞ்சிடும். காஞ்சதா, மெதுவா ஏதாச்சும் போடுங்க" என்றார் நானா.

தேடிப் போனேன். வைக்கோல் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்திருந்தது. மரம் அறுக்கும் மரக்காலையில் கிடைத்த மரத்தூளில் ஆணியும் சிராய்களும் கிடந்தன. மானாப்புல்லை அறுத்ததில் என் விரல்தான் முதலில் அறுபட்டது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. நான் கிளார்க்காக இருந்த தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும்போது மிஞ்சும் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. நன்றாகக் காய்ந்தது, பஞ்சு மாதிரி. கேட்டு வாங்கி வந்து முழங்கால் உயரத்துக்குப் பரப்பினேன். ராணி இரண்டு தும்மல் போட்டாள். (நன்றி சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.) அமீர் நானா அதில் படுத்துப் பார்த்துவிட்டு, "மெத்தையேதான் தம்பி! எனக்கும் ஒரு மூட்டை தாங்க" என்றார்.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தேயிலைக் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்கி, நாள் முழுக்கத் தேத்தண்ணி குடிக்கிற எனக்கு, தேயிலை நனைந்தால் என்ன ஆகும் என்று தோன்றவே இல்லை.

இரவு மழை. கொட்டிலின் தகரம் ஒழுகியது. மிச்ச ஈரத்துக்கு ராணியே ஏற்பாடு செய்திருந்தாள். காலையில் போய்ப் பார்த்தால், வலது பக்கம் பால். இடது பக்கம் பிளேன்டீ. கழுவினோம். தேய்க்கத் தேய்க்கச் சாயம் பரவியதே தவிர போகவில்லை.

"தம்பி, கோயில் ரோட்டுக்கு எந்தப் பக்கம்?" என்றார் நானா.

"வலது பக்கம்."

"ஆக்களும் அந்தப் பக்கம்தானே நிப்பாங்க? வெள்ளையை அவங்களுக்குக் காட்டுவோம். மத்ததைத் தேயிலைச் செடி பார்க்கட்டும்."

திட்டம் பிரமாதமாக நடந்தது, கோயில் வாசல் வரை. இரண்டு குடும்பமும் வரிசையாக நின்றது. நான் கம்பீரமாக (என்று எண்ணிக்கொண்டு) நிமிர்ந்தேன். அந்த நேரம் பார்த்து யாரோ புண்ணியவான் பட்டாசுச் சரத்தைக் கொளுத்திவிட்டார்.

ராணி படுக்கையையும் கொஞ்சம் தின்றிருக்க வேண்டும். அந்தச் சுறுசுறுப்பு வேறு எப்படி வரும்? நானாவின் கையிலிருந்து கயிறு பறந்தது. கோயிலைத் தாண்டி, மேளத்தைத் தாண்டி, மாமனாரைத் தாண்டி ஓடினாள். நான் அவளுடைய கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "முருகா" என்றேனா, "நானா" என்றேனா, நினைவில்லை. முன்னே வளைவில் பதுளை பஸ் ஹார்ன் அடித்தது. அந்தச் சத்தத்துக்கு அப்படியே திரும்பி, வந்த வழியே ஓடி வந்து கோயில் வாசலில் மூச்சு வாங்கி நின்றாள்.

இப்போது கூட்டத்துக்குத் தெரிந்தது இடது பக்கம்.

முதலில் மேளக்காரர்கள் வாசிப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பிறகு என் சித்தப்பா சத்தமாக, பெருமையாகச் சொன்னார்: "பாத்தீங்களா? வெள்ளைக் குதிரை சரியில்லன்னு எங்க பய போய் மாத்திட்டு வந்துட்டான்!"

மாமனார் மெதுவாக நடந்து வந்தார். ராணியின் விலாவில் விரலைத் தேய்த்தார். மோந்து பார்த்தார்.

"சாயம் நல்லா எறங்கியிருக்கு. வாசம்தான் பத்தல" என்றார். அடக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் ஊரே சிரித்தது. "எறங்குங்க மாப்ள, நேரம் போகுது."

இறங்கிய பிறகுதான் பார்த்தேன், என் பட்டு வேட்டியிலும் இடது கால் பக்கம் செவலை. அப்படியே தாலி கட்டினேன். சுமதி குனிந்த தலை நிமிரவில்லை. எல்லோரும் அதை வெட்கம் என்றார்கள். தோள் குலுங்கியது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாண ஆல்பத்தில் போன குதிரையின் படமும் இருக்கிறது, வந்த குதிரையின் படமும் இருக்கிறது. எங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும், "எங்க அப்பா கல்யாணத்துக்கு ரெண்டு குதிரை" என்று சொல்லி வைத்திருக்கிறாள். உண்மையைச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தாலே சுமதி தடுத்துவிடுகிறாள்.

"சும்மா இருங்க. நம்ம பக்கத்துல யாருக்குங்க ரெண்டு குதிரை வந்துச்சு?"