பத்துப் பேர் படகு

படகில் பத்துப் பேர் போகலாம் என்பதுதான் பிரச்சினை. பொன்ராஜின் வீட்டிலும் பத்துப் பேர்தான்.

அதனால்தான் பம்ப்செட் கம்பெனி அனுப்பிய அந்த வழவழப்பான வண்ணப் புத்தகத்தை அவர் கடையின் உள்ளறையில், பழைய மோட்டார் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தார். மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி சௌந்தரத்தை உள்ளே கூப்பிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு, திருட்டு நகையைக் காட்டுகிறவர் மாதிரி அதை எடுத்துக் காட்டினார்.

விஷயம் இதுதான். தென் மாவட்டங்களிலேயே அந்த வருஷம் அதிகமாகப் பம்ப்செட் விற்றவர் அருப்புக்கோட்டை பொன்ராஜ். கேட்கப் பெருமையாக இருக்கும். காரணம் கேட்கக் கூடாது. கிணறு வற்றினால் எங்கள் ஆட்கள் போர் போடுவார்கள். போர் வற்றினால் இன்னும் ஆழமாகப் போட்டு, இன்னும் பெரிய மோட்டாராக வாங்குவார்கள். எங்கள் பக்கத்தில் தண்ணீர் கீழே போகப் போகப் பொன்ராஜ் மேலே வந்தார். தண்ணீரில்லாத ஊரில் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் விற்றவருக்குக் கம்பெனி கொடுத்த பரிசு, கொச்சியிலிருந்து லட்சத்தீவைச் சுற்றிவர ஐந்து நாளைக்கு ஓர் உல்லாசப் படகு. முழுப் படகு. ஐந்து அறை, கேப்டன், சமையல்காரர், மேல்தளத்தில் சாய்ந்து படுக்க நாற்காலி. தை பத்தாம் தேதி இராத்திரி புறப்பாடு.

"யாருக்கும் மூச்சு விடாத. நம்ம ரெண்டு பேரு மட்டும்" என்றார் பொன்ராஜ்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவர்கள் தனியாக உட்கார்ந்து ஒரு டீ குடித்ததில்லை. தேனிலவுக்குக் குற்றாலம் போனார்கள். வேனில் பதினான்கு பேர். மாப்பிள்ளை டிரைவர் பக்கத்தில். பெண் கடைசி சீட்டில், புளிச்சோற்றுத் தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு. அன்றைக்கு அருவிக்கரையில் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே சௌந்தரம் கேட்டாள்: "ஒரு நாளாச்சும் நம்ம ரெண்டு பேரு மட்டும், யாரும் கதவத் தட்டாம இருப்போமா?"

ஆகட்டும் என்றார் பொன்ராஜ். மகள் பிருந்தா பிறந்து, வளர்ந்து, மதுரை விடுதிக்குப் படிக்கவும் போய்விட்டாள். அந்த ஒரு நாள் மட்டும் வரவில்லை. எப்படி வரும்? அம்மா முத்துத்தாய், தம்பி இன்பராஜ், அவன் மனைவி மாரீஸ்வரி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், கண் ஆபரேஷனுக்கென்று திருச்சுழியிலிருந்து வந்து, கட்டுப் பிரித்து நாலு வருஷமாகியும் ஊர் திரும்பாத ராமசுப்பு மாமா, அவரைக் கவனிக்க வந்த அவர் சம்சாரம். இவர்கள் எட்டுப் பேர், அவர்கள் இரண்டு பேர்.

சௌந்தரம் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள்.

"அஞ்சு நாளும் படகுலயேதான் இருக்கணுமா?"

"ஆமா. இல்லாட்டி தீவுல."

"நடுவுல யாருக்காச்சும் திரும்பி வரணும்னு தோணுச்சுன்னா?"

"எப்பிடி வர? சுத்தியும் கடலுல்ல."

"போன் கீன் பண்ண முடியுமா?"

"அதெல்லாம் கெடையாது. அஞ்சாம் நாள்தான் கரை."

அவள் முகம் அப்படி மலர்ந்தது. கடல் என்றால் இவளுக்கு இவ்வளவு ஆசையா, இத்தனை வருஷம் தெரியாமல் போச்சே என்று பொன்ராஜ் தன்னைத்தானே நொந்துகொண்டார். அன்று கார்த்திகை முதல் தேதி. தெருவெல்லாம் மாலை போட்ட சாமிகள் சரணம் சொல்லிக்கொண்டு போக, இவர் மட்டும் சாய்வு நாற்காலி நினைப்போடு வீடு திரும்பினார்.

அவர் திட்டம் போட ஆரம்பித்தார். மதுரையில் ஒரு கறுப்புக் கண்ணாடியும் துணித் தொப்பியும் வாங்கி மோட்டார் பெட்டிக்கடியில் சேர்த்தார். கடலில் தலை சுற்றுமோ என்று பயந்து, விருதுநகர் டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போய்விட்டு வந்தார். வாந்தி வரவில்லை. அந்தச் சீட்டில் பிழைத்தவனை எந்தக் கடலும் ஒன்றும் செய்யாது என்று தைரியம் வந்தது.

ஆனால் அதற்கெல்லாம் முன்பே, கார்த்திகை இரண்டாம் தேதி காலையிலேயே, காப்பி டம்ளரோடு முத்துத்தாய் கேட்டாள்.

"ஏலே பொன்ராசு, படகுல போறியாமுல்ல?"

பொன்ராஜுக்குப் புரையேறியது. சௌந்தரத்தைப் பார்த்தார். அவள் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "நான் எதுக்குச் சொல்லப் போறேன்? நீங்கதான் தூக்கத்துல பேசுற ஆளாச்சே" என்றாள். இருக்கும் என்று அவருக்கே தோன்றியது. தன் வாயைச் சந்தேகப்பட்ட அளவுக்கு அவர் வேறெதையும் சந்தேகப்பட்டதில்லை.

"அது ஊர் சுத்தவா போறோம்? கம்பெனி நடத்துற வகுப்பும்மா. மோட்டார எப்பிடி மாட்டணும்னு சொல்லித் தர்றாக."

"கடல்ல மோட்டாரு எதுக்குடா? அங்கதான் தண்ணி மேலயே கெடக்கே?"

இதைக் கேட்டால் கம்பெனியே முழித்திருக்கும். முத்துத்தாய் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஒங்க அய்யா செத்து ஏழு வருசமாச்சு. அவருக்குன்னு ஒரு கடல் முழுக்குப் போட்டேனா? நானும் வாரேன்."

எங்கள் ஊரில் கடலுக்குப் போக ஒரே காரணம்தான் உண்டு, யாராவது செத்துப் போயிருக்க வேண்டும். உல்லாசம் என்று ஒரு காரணம் இருப்பதை முத்துத்தாய்க்கு விளக்க யாராலும் முடியாது.

சரி, பயமுறுத்திப் பார்ப்போம் என்று மறுநாள் சாப்பிடும்போது ஆரம்பித்தார். "படகு சும்மா நிக்காதும்மா. அந்த ஆட்டத்துல கொடலே வெளிய வந்துரும். போன தடவை போன ஒரு டீலரு மூணு நாளு எந்திரிக்கவே இல்லையாம்."

"ஆத்தாடி!" என்றாள் சௌந்தரம். "அப்ப அத்தைய எப்பிடித் தனியா விடுறது? மாரீஸ்வரி கூட இருந்தா ஒரு கைத்தாங்கலா இருக்குமே."

பொன்ராஜ் அவளை முறைத்தார். பிறகு கையலம்பும் இடத்தில் பிடித்துக்கொண்டார். "என்ன காரியம் பண்ணிட்ட?"

"வாயில வந்துருச்சுங்க. பெரிய மனுஷின்னு ஒரு கரிசனம்தான்."

அவளுடைய நல்ல மனசை நினைத்து அவருக்குக் கோபம்கூட வரவில்லை. ஆனால் மாரீஸ்வரி வந்தால் இன்பராஜ் வராமல் இருப்பானா? இன்பராஜ் வந்தால் மூன்று பிள்ளைகளை யார் பார்ப்பது? சாயங்காலத்துக்குள் படகில் ஆறு பேர் ஏறிவிட்டார்கள். பொன்ராஜும் சௌந்தரமும் சேர்ந்து எட்டு.

அடுத்த வாரம் ராமசுப்பு மாமா திருச்சுழிக்குப் போய், தோட்டத்து வேப்பமரத்தில் தொங்கிய கலயத்தை அவிழ்த்துக்கொண்டு வந்தார். அவருடைய பெரியப்பாவின் அஸ்தி. ராமேஸ்வரம் போக நேரம் வாய்க்காமல் பதினோரு வருஷமாகக் கிளையிலேயே ஆடிக்கொண்டிருந்தவர்.

"மாப்ள, இம்புட்டு வருசமா பெரியப்பா எதுக்குக் காத்துக்கெடந்தாருன்னு இப்பல்ல வெளங்குது" என்றார் மாமா. "தனிப் படகுல போகணும்னு அவருக்குத் தலையில எழுதியிருக்கு."

"ஒங்களுக்கு யாரு மாமா சொன்னது?"

"ஊரே சொல்லுதே!"

ஊர் சொல்லத்தான் செய்தது. வீட்டுக்குள் அஸ்தி வைக்கக் கூடாதென்று கலயத்தைக் கடையின் பின்பக்கத்து முருங்கை மரத்தில் கட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டுத் தெருக்காரர்கள் மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து கொண்டுவந்தார்கள். "தீவுல கோயில் இருக்கான்னு தெரியலையே" என்று பொன்ராஜ் சொன்னால், "கடல்ல போட்டாப் போதும் அண்ணாச்சி, அம்மன் எடுத்துக்கிடும்" என்றார்கள். உல்லாசப் படகில் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் மாமாவின் பெரியப்பா இருப்பார் என்று நினைக்கையில் பொன்ராஜுக்கு அழுகையாக வந்தது.

கடைசி ஆயுதமாக ஒரு சட்டத்தைத் தானே இயற்றினார். "கம்பெனியிலருந்து காயிதம் வந்திருக்கு. நீச்சல் தெரியாதவுகள ஏத்த மாட்டாகளாம்."

அருப்புக்கோட்டையில் இந்தச் சட்டத்தைப் போட்டால் ஜெயித்த மாதிரிதான். நீந்துவதென்ன, முழுசாக நனைந்தவர்களையே விரல்விட்டு எண்ணிவிடலாம். அவருக்கும் நீச்சல் தெரியாது. அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை என்பதே ஆறுதல்.

மறுநாள் விடியற்காலையில் குடும்பமே ரெட்டியபட்டிச் சாலையில் இருளப்பசாமியின் தோட்டக் கிணற்றில் இறங்கியது. அவர் பொன்ராஜின் பழைய வாடிக்கையாளர். கிணற்றில் முழங்காலளவு தண்ணீர். முத்துத்தாய் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, மாரீஸ்வரி தோளைப் பிடித்தபடி காலை உதைத்தாள். மாமா ஒரு வாழைத்தண்டின் மேல் குப்புறப் படுத்துக் கிடந்தார்.

"ஒங்க மோட்டார நேத்துலருந்து ஓட்டல அண்ணாச்சி" என்றார் இருளப்பசாமி பெருமையாக. "குடும்பம் நீந்தட்டும்னு விட்டுட்டேன்."

நாலாம் நாள் காலையில் கிணறு காலி. பக்கத்துத் தோட்டத்துக்காரன் புதிதாகப் போர் போட்டு, பொன்ராஜிடமே வாங்கிய பெரிய மோட்டாரை இராத்திரி முழுக்க ஓட்டியிருக்கிறான். ஆகா, தெய்வம் இருக்கிறது என்று பொன்ராஜ் கிணற்றை எட்டிப் பார்த்தார். உள்ளே வெறும் மணலில் எட்டுப் பேரும் வரிசையாகப் படுத்துக் கையையும் காலையும் வீசிக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணி இல்லையேம்மா!"

"கையக் கால ஆட்டத் தெரிஞ்சுக்கிட்டோம்ல" என்றாள் முத்துத்தாய் கீழேயிருந்து. "தண்ணி அங்க இருக்கும்."

போதாக்குறைக்கு அன்றிரவு சோறு பரிமாறிக்கொண்டே சௌந்தரம் சொன்னாள்: "நீச்சலே வேண்டாமாமுல்ல அத்தை. ஆளுக்கொரு மெதவச் சட்டை குடுப்பாகளாம். புத்தகத்துல படம் போட்டிருக்கு."

"புத்தகமா? என்ன புத்தகம்?" என்று எட்டுப் பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். மறுநாள் மோட்டார் பெட்டிக்கடியிலிருந்து புத்தகம் வீட்டுக்கு வந்தது. கறுப்புக் கண்ணாடியும் கூடவே வந்தது. அதை மாமா போட்டுக்கொண்டார், ஆபரேஷன் செய்த கண்ணுக்கு நல்லதென்று.

பொன்ராஜ் தோற்றுப் போனார். பத்தும் நிரம்பிவிட்டது. ஆனாலும் மனிதன் அவ்வளவு சுலபமாக ஆசையை விடுவானா? ஐந்து அறையில் ஓர் அறை நமக்குத்தானே, கதவு இருக்கிறதே, அதற்குத் தாழ்ப்பாளும் இருக்குமே என்று தேற்றிக்கொண்டார். தை பத்தாம் தேதி காலையில் தொப்பி வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகப் பேண்ட் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கொச்சிக்குப் போகும் வேன் தயாராக நின்றது. முருங்கை மரத்திலிருந்து கலயம் இறங்கி மாமா மடியில் ஏறிவிட்டது.

அப்போது கோவில்பட்டி பஸ்ஸிலிருந்து இறங்கி, ஜமுக்காளமும் முறுக்குத் தகரமுமாக மாரீஸ்வரியின் அப்பாவும் அம்மாவும் வந்து சேர்ந்தார்கள்.

"சம்பந்தி வீட்டுல இம்புட்டு மரியாதையாக் காயிதம் போட்டுக் கூப்பிட்டிருக்கையில வராம இருப்போமா?" என்றார் சம்பந்தி.

"காயிதமா? யாரு போட்டது?" பொன்ராஜுக்குக் குரல் கீச்சிட்டது.

மாரீஸ்வரியின் கண்ணில் சட்டென்று நீர் கோத்தது. "எங்க அய்யா வந்தது பெரிய மச்சானுக்குப் பிடிக்கல போலருக்கு" என்றாள். இன்பராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முத்துத்தாய் மகனின் தொப்பியை மேலும் கீழும் பார்த்தாள்.

"படகுல பத்துப் பேருதாம்மா. பதினோராவது ஆளு ஏறினாக் கேப்டன் எறக்கி விட்டுருவாரு. இப்பப் பன்னெண்டு இருக்கோம்."

யாரும் இறங்கவில்லை. எல்லோரும் ஏற்கனவே வேனுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே நின்றது பொன்ராஜும் சௌந்தரமும் சம்பந்திகளும்தான்.

"அதுக்கென்ன அத்தை" என்றாள் சௌந்தரம் மெதுவாக. "நானும் அவுகளும் இருந்துக்கிடுறோம். மூத்தவுகதான விட்டுக் குடுக்கணும். நீங்கல்லாம் போயிட்டு வாங்க."

வேனே உருகிவிட்டது. முத்துத்தாய் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மருமகளுக்குத் திருஷ்டி கழித்தாள். "இவளை மாதிரி ஒரு பிள்ளை ஏழு சில்லாவுல கெடையாதுடா" என்றாள். சம்பந்திகள் ஏறினார்கள். மாமா கறுப்புக் கண்ணாடியோடு டாட்டா காட்டினார். வேன் விருதுநகர்ச் சாலையில் திரும்பி மறைந்தது.

வீடு அப்படி அமைதியாகக் கிடந்ததைப் பொன்ராஜ் பார்த்ததில்லை. சுவர்க் கடிகாரம் சத்தம் போடும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. நடுக்கூடத்தில் தொப்பியோடு உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஒரு கூறுகெட்டவன் சௌந்தரம். ஒரு படகக்கூட ஒழுங்காக் காப்பாத்தத் தெரியல. பத்தொன்பது வருசத்துல நீ கேட்டது ஒண்ணே ஒண்ணு, அதையும் கோட்டை விட்டுட்டேன்."

"விடுங்க, நமக்குக் குடுத்து வச்சது அம்புட்டுத்தான்" என்றாள் அவள். மூஞ்சி கழுவி, பூ வைத்து, பச்சைச் சேலை மாற்றியிருந்தாள். துக்கத்தை எவ்வளவு அடக்கிக்கொள்கிறாள் பாவம் என்று பொன்ராஜ் நினைத்துக்கொண்டார். அவள் டீக்குத் தண்ணீர் வைக்க அடுப்படிக்குப் போனாள்.

வாசலில் பால்காரி கருத்தம்மாளின் சத்தம் கேட்டது. பொன்ராஜ் வழக்கமான பெரிய குண்டாவை எடுத்துக்கொண்டு போய், "இன்னைக்கு நெறைய ஊத்தாத தாயி. திடீர்னு எல்லாரும் கெளம்பிப் போயிட்டாக, நாங்க ரெண்டு பேரு மட்டும் மாட்டிக்கிட்டோம்" என்றார்.

கருத்தம்மாள் கையில் பெரிய கேன் இல்லை. ஒரு சின்னத் தூக்குப்போணி மட்டும் இருந்தது.

"தெரியுமே அண்ணாச்சி" என்றாள் அவள், அரைப்படிப் பாலைக் குண்டாவில் ஊற்றியபடி. "தை பத்துலருந்து அஞ்சு நாளைக்கு ரெண்டு ஆளுக்குத்தான் பாலுன்னு அக்கா கார்த்திகை ஒண்ணாந் தேதி சாயங்காலமே சொல்லிட்டாகளே!"